போனா, பிலிமா, இன்ஸ்டாக்ஸா? எல்லாப் பிள்ளைகள் கையிலும் கேமரா கொடுக்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு

"முப்பதாயிரம் ரூபாய் இருக்கு, என்ன கேமரா வாங்கலாம்?" கடந்த இரண்டு மாதத்தில் மூன்று பேர் என்னிடம் இதையே கேட்டுவிட்டார்கள். ஒருவர் வடசென்னையில் தண்டையார்பேட்டைப் பக்கம் மாநகராட்சி நடுநிலைப் பள்ளி ஆசிரியை, முன்னாள் மாணவர்கள் சேர்ந்து பணம் கொடுத்திருக்கிறார்கள். இன்னொருவர் வியாசர்பாடியில் மாலை வகுப்பு நடத்தும் தம்பி. மூன்றாமவர் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியை, வாரத்துக்கு நாலு பள்ளி ஏறி இறங்குபவர். மூவருக்கும் ஆசை ஒன்றுதான்: மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளும் மற்ற பிள்ளைகளும் ஒன்றாகச் சேர்ந்து, இந்தப் பள்ளிக்கூடம் தங்களுக்கு எப்படி இருக்கிறது என்பதைத் தாங்களே படம் பிடித்து, அதை வைத்துப் பேச வேண்டும். நான் இரண்டு பள்ளிகளில் இந்த வேலைக்கு உடனிருந்தவள். மூவருக்கும் போனில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

முறை புதிதில்லை. 1990களின் தொடக்கத்தில் கேரலைன் வாங், மேரி ஆன் பர்ரிஸ் என்ற இருவர் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் கிராமப் பெண்கள் 62 பேர் கையில் கேமராவைக் கொடுத்து, தங்கள் அன்றாடத்தைத் தாங்களே எடுக்கச் சொன்னார்கள். எடுத்த படங்களைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள், பேச்சில் வந்ததை முடிவெடுக்கும் ஆட்களிடம் கொண்டு போனார்கள். 'போட்டோவாய்ஸ்' என்ற பெயர் பிறகு நிலைத்தது. ஆக இதில் மூன்று வேலை இருக்கிறது: எடுப்பது, பேசுவது, கேட்க வேண்டியவர் காதில் போடுவது. எங்கே தப்பு நடக்கிறது என்றால், பணத்தையும் நாளையும் முதல் வேலைக்கே கொட்டிவிட்டு மற்ற இரண்டுக்கும் ஒன்றும் மிச்சம் வைப்பதில்லை.

எதை வைத்து அளப்பது

கடைக்குப் போவதற்கு முன் வகுப்பை ஒருமுறை மனசுக்குள் கொண்டு வாருங்கள். அதில் கேமராவைப் பிடிக்க யாருக்கு ரொம்பக் கஷ்டம்? கை நடுங்கும் பையனா, திரையைப் பார்க்க முடியாத பெண்ணா, ஃபிளாஷ் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்விடும் பிள்ளையா? அந்த ஒருவருக்கு எது சரிப்படுகிறதோ அதை எடுங்கள், மற்ற இருபது பேருக்கும் அது தானாகவே சரிப்படும். எல்லோருக்கும் ஒன்றை வாங்கிவிட்டு அவனுக்கு மட்டும் 'நீ பக்கத்துல உட்கார்ந்து பாருப்பா' என்று சொல்லும் இடம் வந்தால், நாம் எதற்குத் தொடங்கினோமோ அதற்கு நேர் எதிராகப் போய்விட்டோம். என் முதல் அளவுகோல் இது, மற்ற எல்லாம் இதற்குக் கீழேதான்.

அடுத்தது, எடுத்த படத்தைப் பார்க்க எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது. அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைக்கு, போன செவ்வாய்க்கிழமை எடுத்த படத்தை இந்தச் செவ்வாய்க்கிழமை காட்டினால் தான் எடுத்தது என்ற ஒட்டுதலே இருக்காது. அப்புறம் செலவு. கேமரா விலையைச் சொல்லவில்லை, ஒரு படம் கையில் காகிதமாக வந்து சேர ஆகும் மொத்தச் செலவைச் சொல்கிறேன். அப்புறம் படம் எங்கெங்கே போய்ச் சேரும், அதை அழிக்கும் உரிமை யார் கையில் இருக்கும் என்பது. கடைசியாக, எந்தப் படத்தைச் சுவரில் மாட்டுவது என்று யார் முடிவு செய்கிறார்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு 'மிஸ்தான்' என்று பதில் வந்தால் எந்தக் கேமராவும் உதவாது.

வீட்டுப் போன்

செலவே இல்லை என்று எல்லோரும் முதலில் நினைப்பது இதைத்தான். பிள்ளையிடம் 'அம்மா போன்ல நாலு படம் எடுத்து அனுப்பு' என்று சொல்லிவிடலாம். ஆனால் நம் பக்கத்து வீடுகளில் ஒரு போன் என்பது பெரும்பாலும் அப்பாவுடையது. அவர் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு விடிவதற்கு முன் கிளம்புகிறவராகவோ, எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரி ஓட்டுபவராகவோ இருந்தால் போன் வீட்டுக்கு வருவதே ராத்திரிதான். வயசுக்கு வந்த பெண் பிள்ளைக்குப் போன் கொடுக்காத வீடுகள் உண்டு. ரீசார்ஜ் முடிந்துபோன வாரங்கள் உண்டு. ஸ்டோரேஜ் நிறைந்திருக்கிறது என்று அக்கா கல்யாணப் படத்தை அழித்துவிட்டு அடி வாங்கிய பையனை எனக்குத் தெரியும்.

எனக்கு இதில் பெரிய பயம் வேறு. ஒரே அறை வீட்டில் எங்கே திரும்பி எடுத்தாலும் யாரோ ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார், துணி மாற்றிக்கொண்டிருப்பார். படம் வகுப்பு வாட்ஸாப் குழுவுக்கு வந்துவிட்டால் அதை யாரும் திரும்பப் பெற முடியாது. 'வீட்டுக்குள் எடுக்க வேண்டாம்' என்று விதி போட்டாலும், எட்டு வயசுப் பிள்ளைக்கு வீடு எங்கே முடிந்து தெரு எங்கே தொடங்குகிறது என்று நம் சந்துகளில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

ஆனாலும் ஒரு சூழலுக்கு இதுதான் சரி. பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைகள் இருக்கிறார்கள், சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் பிள்ளைகள். அந்தப் பிள்ளை தன் ஜன்னலில் தெரிவதை எடுத்து அனுப்பி, வகுப்பில் அதைப் பிரிண்ட் போட்டு ஒட்டினால், வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்த ஒரு பெயருக்கு வகுப்பில் ஓர் இடம் கிடைக்கிறது. படத்தைக் குழுவுக்கு அனுப்பாமல் ஆசிரியரின் எண்ணுக்கு மட்டும் அனுப்பச் சொல்லுங்கள், அம்மா பக்கத்தில் இருந்து பார்த்த பிறகே அனுப்பட்டும்.

பள்ளிக்கென்று நாலு பழைய போன்

என் ஓட்டு இதற்குத்தான், அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

சிம் போடாத, பயன்படுத்திய ஆண்ட்ராய்டு போன் நாலு. பர்மா பஜாரிலோ ரிச்சி தெருவிலோ பார்த்து வாங்கலாம், தெரிந்தவர்களிடம் கேட்டால் சும்மாவே கிடைக்கும். திரையில் கீறல் இருந்தால் பரவாயில்லை, பேட்டரி மட்டும் இரண்டு மணி நேரம் தாங்க வேண்டும். விலைக்கே வாங்கினாலும் ஒன்று 4,000 என்று வைத்து 16,000 ரூபாய்க்குள் முடித்துவிடலாம் என்பது என் கணக்கு.

ஏன் இது? முதல் அளவுகோலுக்கு இதைப்போல வளைந்து கொடுக்கும் கருவி வேறு இல்லை. பொத்தானை அமுக்க முடியாத விரல்களுக்கு, செல்பி ஸ்டிக்கோடு வரும் ப்ளூடூத் ரிமோட் போதும், அதை மேசையில் ஒட்டிவைத்து முழங்கையால்கூட அமுக்கலாம். பைக்கில் போன் மாட்டும் கிளிப்பை வீல்சேரின் கைப்பிடியில் மாட்டினால் கேமரா கண்ணுக்கு நேரே நிற்கும். ஒலி கூட்டும் பொத்தானை அமுக்கினால் படம் விழும்படி பல போன்களில் வைக்கலாம். சில போன்கள் குரலுக்கும் படம் எடுக்கும். டாக்பேக் என்கிற திரைவாசிப்பான் ஆண்ட்ராய்டிலேயே இருக்கிறது, எந்தப் பொத்தானில் விரல் இருக்கிறது என்று வாயால் சொல்லும்.

பார்வையற்ற பிள்ளை படம் எடுத்து என்ன செய்யப்போகிறது என்று ஒரு ஹெச்.எம். என்னிடம் கேட்டார், நல்ல மனசோடுதான் கேட்டார். நாங்கள் செய்தது இது: அந்தப் பெண் சத்தம் வரும் பக்கம் போனை நீட்டி எடுத்தாள், எடுத்த கையோடு வாய்ஸ் ரெக்கார்டரில் அந்தச் சத்தத்தையும் தான் ஏன் எடுத்தாள் என்பதையும் பதிவு செய்தாள். தோழி ஒருத்தி படத்தில் என்ன விழுந்திருக்கிறது என்று அவளுக்குச் சொன்னாள். மதியச் சாப்பாட்டுத் தட்டுகள் அடுக்கும் இடம், சைக்கிள் நிறுத்தும் இடம், அப்புறம் வெறும் சுவர் ஒன்று. சுவர் எதற்கு என்று கேட்டோம். அங்கே தடவிக்கொண்டேதான் கழிப்பறைக்குப் போவாளாம், பாதி வழியில் பீரோ ஒன்றை வைத்துவிட்டதால் சுவர் 'அறுந்துபோச்சு' என்றாள். அந்த பீரோவை நாங்கள் எல்லோரும் தினமும் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தோம்.

மூளை முடக்குவாதம் உள்ள ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் வீல்சேரிலிருந்து எடுத்த படங்களில் முகமே இல்லை. பெல்ட், பை, கை, இடுப்பில் செருகிய துப்பட்டா, இவ்வளவுதான். ஃப்ரேம் தப்பு என்று திருத்தப் போன தன்னார்வலரை ஆசிரியை தடுத்துவிட்டார், அதற்காக அவருக்கு இன்னும் நன்றியோடு இருக்கிறேன். படங்களை வரிசையாகத் தரையில் வைத்தபோது வகுப்பு கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒரு பிள்ளை, 'டேய், நாங்க யாருமே உன்கூட உட்கார்ந்து பேசினதில்ல போல' என்றது. போனில் அழித்துத் திரும்ப எடுக்க முடியும் என்பது ஒரு வசதிதான், ஆனால் பெரியவர்கள் அழித்துவிடக்கூடிய ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. 'யாரும் யார் படத்தையும் அழிக்கக் கூடாது, எடுத்தவர் மட்டும் அழிக்கலாம்' என்று முதல் நாளே கரும்பலகையில் எழுதிவிடுங்கள்.

சரி, மறைந்திருக்கும் செலவுகள். 24 பிள்ளைகளுக்கு நாலு போன் என்றால் ஒரு போனுக்கு ஆறு பேர். யார் கை ஓங்கியிருக்கிறதோ அவர்கள் வைத்துக்கொள்வார்கள், மெதுவான பிள்ளைக்கு முறை வரும்போது மணி அடித்துவிடும். இருவர் இருவராகப் பிரித்து, மெதுவான பிள்ளைக்கு முதல் முறையும் கூடுதல் நேரமும் கொடுக்க வேண்டும். சார்ஜ் போடுவது, படங்களைப் பெயர் போட்டு எடுத்து வைப்பது என்று ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் ஒரு மணி நேரம் ஆசிரியருக்குப் போகும், அதை யாரும் கணக்கில் வைப்பதே இல்லை. கடற்கரையை ஒட்டிய பள்ளிகளில் உப்புக் காற்று சார்ஜர் முனையைத் தின்றுவிடும், ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள்.

அப்புறம் செட்டிங்ஸ். கேமராவில் இருப்பிடத்தைப் பதியும் வசதியை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த இடம் எண்களாக உட்கார்ந்துகொள்ளும். படங்கள் தானாக இணையத்துக்கு ஏறுவதையும் நிறுத்துங்கள். பியூட்டி மோடையும் கட்டாயம் அணையுங்கள். அது முகத்தை வழித்து வெளுப்பாக்கிக் காட்டும். கறுப்பான பிள்ளை தன் படத்தைப் பார்த்து 'நல்லா வந்திருக்கு' என்று சந்தோஷப்படும்போது என்ன சொல்லிக்கொடுத்துவிட்டோம் என்று நெஞ்சு அடைத்துப்போகும்.

பிலிம் கேமரா, யூஸ் அண்ட் த்ரோ கேமரா

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிலிம் ரோலில் 36 படம், யூஸ் அண்ட் த்ரோவில் பெரும்பாலும் 27. எண்ணிக்கை குறைவு என்பதால் பிள்ளைகள் யோசித்து எடுப்பார்கள், அது உண்மைதான். திரை இல்லாததால் பெரியவர் யாரும் குறுக்கே வந்து திருத்த முடியாது, அதுவும் நல்லது. ஆனால் ரோலே இன்று பல நூறு ரூபாய், கழுவவும் ஸ்கேன் செய்யவும் தனிச் செலவு, கழுவும் லேப்கள் குறைந்துவிட்டதால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நம் சந்துகளிலும் மாடிப்படிக்குக் கீழேயும் இருக்கும் வெளிச்சத்துக்கு ஃபிளாஷ் இல்லாமல் ஒன்றும் விழாது. கை நடுங்கும் பிள்ளையின் ரோல் முழுக்க மங்கலாக வந்துவிட்டால், அதைச் சரிசெய்ய இன்னொரு வாய்ப்பு கிடையாது.

ஒன்பது, பத்தாம் வகுப்பு, பொறுமையுள்ள சின்னக் குழு, ஆறு மாதம் கையில் இருக்கிறது, லேப் தெரிந்த நண்பர் ஒருவர் இருக்கிறார் என்றால் செய்யுங்கள், அருமையாக இருக்கும். மற்றவர்களுக்கு வேண்டாம்.

உடனே படம் வரும் கேமரா

இன்ஸ்டாக்ஸ் மாதிரி கேமராவைப் பார்த்ததும் பிள்ளைகள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். அமுக்கியதும் காகிதம் வெளியே வருகிறது, வெள்ளையாக இருக்கிறது, உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருக்கும்போதே படம் மெல்ல மேலே வருகிறது. காத்திருக்கும் நேரம் என்ற அளவுகோலில் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கும், அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கும், ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கும் 'நான் செய்தேன், இது வந்தது' என்ற தொடர்பு கையோடு புரிகிறது. பேச்சு வராத பிள்ளை படத்தைக் காட்டியே சொல்லிவிடும்: 'இங்க போகணும்', 'இது வேண்டாம்'. ஒரே பிரதிதான், எங்கும் பரவாது, பிடிக்காவிட்டால் பிள்ளையே கிழித்துப் போடலாம். பாதுகாப்பு என்று பார்த்தால் எல்லாவற்றிலும் இதுதான் மேல்.

செலவுதான் இடிக்கிறது. ஒரு பொட்டலத்தில் 10 படம். ஒரு படத்துக்கு 50 ரூபாய் என்று குறைத்து வைத்தாலும், 24 பிள்ளைகள் ஆளுக்கு 10 படம் எடுத்தால் 12,000 ரூபாய், கேமரா விலை தனி. படமும் சின்னது, சுமார் 6 சென்டிமீட்டருக்கு நாலரை, குறைந்த பார்வை உள்ள பிள்ளைக்கு அதில் ஒன்றும் தெரியாது. ஃபிளாஷ் பல மாடல்களில் தானாகவே அடிக்கும், அதை அணைக்க வழியில்லாத மாடலை ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் இருக்கும் வகுப்புக்கு வாங்காதீர்கள். படம் வீணாகிவிடுமே என்ற பதற்றம் ஆசிரியருக்கு வந்து, 'ஒழுங்கா பார்த்து எடு' என்று மூன்று தடவை சொல்லிவிடுகிறோம். நானே சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்ட பிள்ளை அப்புறம் கேமராவைத் தொடவில்லை.

என் யோசனை, இதை முழுத் திட்டமாக வைக்காமல் முதல் இரண்டு வகுப்புக்கு மட்டும் வைப்பது. ஒரு கேமராவை யாரிடமாவது இரவல் வாங்கி, மூன்று பொட்டலம் மட்டும் காசு கொடுத்து வாங்கி, ஆளுக்கு ஒரு படம். கேமரா என்றால் என்ன என்று கை புரிந்துகொண்ட பிறகு போனுக்கு மாறலாம்.

வெளியிலிருந்து கலைஞரை அழைத்துப் பெரிய கேமராவில் பட்டறை

சென்னையில் இதற்கு ஆட்கள் இருக்கிறார்கள், நல்ல ஆட்களும் இருக்கிறார்கள். தூய்மைப் பணியாளர்களின் வாழ்க்கையைப் பல வருடமாகப் படமெடுத்துவரும் எம். பழனிகுமார், உழைக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கேமரா சொல்லிக்கொடுப்பதைத் தன் வேலையின் ஒரு பகுதியாகவே வைத்திருக்கிறார். அப்படி ஒருவர் கிடைத்தால் பிள்ளைகளுக்குக் கிடைப்பது வாழ்நாளுக்கும் வரும். பெரிய கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கம் நடந்தால், வழக்கமாகத் துரத்திவிடும் பெரியவர்கள்கூட 'என்ன தம்பி எடுக்கிற?' என்று நின்று கேட்பார்கள். அந்த மரியாதையைக் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

ஆனால் யாரை அழைக்கிறோம் என்பதைப் பொறுத்து எல்லாம் தலைகீழாகவும் போகும். வடசென்னை என்றதும் குப்பைமேடு, புகைபோக்கி, சண்டை என்று மனசில் ஏற்கெனவே ஒரு படத்தோடு வருகிறவர்கள் உண்டு. ஒரு பட்டறையில் பிள்ளைகள் புறாக் கூண்டு, கேரம் போர்டு, தங்கச்சியின் பல் விழுந்த சிரிப்பு, ஃபுட்பால் ஷூ இவற்றை எடுத்துவந்தார்கள். கண்காட்சிக்குத் தேர்வானது என்னவோ கால்வாய்க் கரையில் வீல்சேரோடு ஒரு பையன் நிற்கும் படம். அதை எடுத்த பிள்ளைக்கே அது பிடிக்கவில்லை, படத்தில் இருந்த பையனுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. இரண்டு பேரையும் யாரும் கேட்கவில்லை.

எடை இன்னொரு விஷயம். லென்ஸோடு ஒரு கிலோவை ஒட்டி வரும் கேமராவை மெலிந்த கைகள் தூக்க முடியாது, ஸ்டாண்டில் வைத்தால் வீல்சேர் உயரத்துக்கு இறங்காத ஸ்டாண்டாக இருக்கும். காது கேளாத பிள்ளைகள் இருந்தால் சைகை மொழி தெரிந்தவர் பட்டறை முழுக்க உடனிருக்க வேண்டும், அந்தச் சம்பளம் யார் கணக்கிலும் இருக்காது. பட்டறை மூன்று நாளில் முடியும், கேமரா திரும்பிப் போய்விடும், நாலாவது நாள் பிள்ளை கையில் ஒன்றும் இருக்காது.

ஆகவே இது இரண்டாம் வருடத்துக்கு நல்லது. முதல் வருடம் போனில் எடுத்துப் பேசிப் பழகிய பிள்ளைகள், தங்களுக்கு எது வேண்டும் என்று வந்தவரிடம் சொல்லத் தெரிந்த பிறகு கலைஞரை அழையுங்கள். அழைக்கும்போதே இரண்டு விஷயங்களை எழுதி வாங்குங்கள்: படம் பிள்ளைக்குச் சொந்தம், சுவருக்குப் போவதைப் பிள்ளை தேர்ந்தெடுக்கும்.

எதை வாங்கினாலும் தப்பாத செலவு

முதலாவது காகிதம். திரையில் பார்த்துப் பேசுவதும் கையில் பிரிண்ட்டை வைத்துப் பேசுவதும் ஒன்றில்லை. தரையில் பரப்பலாம், வரிசை மாற்றலாம், பிடிக்காததைக் கவிழ்த்து வைக்கலாம், சிரிக்கும் முகமோ அழும் முகமோ ஒட்டலாம், பேச்சு வராத பிள்ளைக்கு அதுதான் பேச்சு. குறைந்த பார்வை உள்ள பிள்ளைக்கு ஏ4 அளவில் போடுங்கள். தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் முக்கியக் கோடுகள் மேல் ஃபெவிகாலைக் கெட்டியாக இழுத்துக் காயவைத்தால் மேடாக நிற்கும், அவ்வளவு போதும். 24 பிள்ளைகளுக்கு ஆளுக்கு 10 பிரிண்ட் என்றால் 240, ஒன்றுக்கு 15 ரூபாய் என்று வைத்தால் 3,600. இதை முதலிலேயே தனிக் கவரில் போட்டு எடுத்து வைத்துவிட்டு மீதிப் பணத்துக்குக் கேமரா பாருங்கள்.

இரண்டாவது அனுமதி. 18 வயதுக்குட்பட்டவரின் விவரங்களைக் கையாள, சரிபார்க்கக்கூடிய வகையில் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. சட்டத்துக்காகப் படிவத்தில் கையெழுத்து வாங்குவது ஒன்று, அம்மாவை உட்காரவைத்து 'இந்தப் படம் எங்கெல்லாம் போகும், எங்கே போகாது' என்று தமிழில் பேசிச் சொல்வது இன்னொன்று. இரண்டும் வேண்டும். பிள்ளையிடமும் தனியாகக் கேளுங்கள், அதுவும் இரண்டு தடவை: எடுக்கும்போது ஒருமுறை, மாட்டும்போது ஒருமுறை. குழந்தைகள் இல்லங்களில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் இன்னும் கவனம் தேவை. பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் பிள்ளைகளின் பெயர், படம், பள்ளி என எந்த அடையாளத்தையும் வெளியிடக் கூடாது என்று 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவு சொல்கிறது. அவர்கள் எடுக்கலாம், மற்றவர் எடுக்கும் படத்தில் அவர்கள் முகம் விழக் கூடாது.

படங்களில் நாம் எதிர்பார்க்காததும் வரும். ஒரு படமோ அதைப் பற்றிய பேச்சோ, பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடக்கிறது என்று காட்டினால், போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டியது நம் கடமை, மறைப்பது குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைத் தெரிந்து வைத்திருங்கள். யார் பேசுவது, யார் பிள்ளையோடு இருப்பது என்று தொடங்கும் முன்பே ஹெச்.எம்.மும் நீங்களும் முடிவு செய்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, கேட்கும் காது. பிள்ளைகள் கழிப்பறைப் படியையும் உயரமான குழாயையும் படம் எடுத்துக் காட்டிவிட்டு, அடுத்த வருடமும் அதே படியைத் தவழ்ந்தே ஏறினால், கேமரா கொடுக்காமல் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். அதற்கு வழி இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்தான், பள்ளி மேம்பாட்டுத் திட்டம் எழுதுவது அந்தக் குழுவின் வேலை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 16ஆம் பிரிவு, கட்டடமும் வளாகமும் எல்லோரும் புழங்கும்படி இருக்க வேண்டும் என்கிறது. குழுக் கூட்டம் எந்த நாள் என்று கேட்டு அந்தத் தேதியை முதலில் வாங்குங்கள், பிள்ளைகளே படத்தோடு வந்து பேச 20 நிமிடம் கேளுங்கள். தேதி கிடைக்காமல் கேமரா வாங்க வேண்டாம். நான் சொன்ன பீரோ நகர்ந்தது அப்படி ஒரு கூட்டத்தில்தான். அதற்குப் பணம் ஒன்றும் ஆகவில்லை, இரண்டு பேர் தூக்கினார்கள்.

எனில் அந்த மூவருக்கும்

தண்டையார்பேட்டை ஆசிரியைக்கு: நாலு பழைய போன், இரண்டு ரிமோட், இரண்டு கிளிப், பிரிண்ட் கவர். எல்லாம் சேர்த்து இருபத்திரண்டாயிரத்துக்குள் நிற்கும். மிச்சத்தைத் தொடாமல் வைத்திருங்கள், பிள்ளைகள் படம் காட்டிக் கேட்கப்போகும் சின்னச் சின்ன வேலைகளுக்கு (ஒரு கைப்பிடி, ஒரு மரச் சரிவு) அந்தப் பணம் உடனே வேண்டியிருக்கும்.

வியாசர்பாடித் தம்பிக்கு: உன் வகுப்பில் பெரிய பிள்ளைகள்தான், மாலையில் வெளிச்சமும் இருக்காது. இரண்டு போன் போதும். ஞாயிறு காலையில் எடுத்து, வாரநாள் மாலையில் உட்கார்ந்து பேசுங்கள். கலைஞரை அழைக்கும் ஆசையை ஒரு வருடம் தள்ளிப்போடுப்பா.

சிறப்பாசிரியைக்கு: நீங்கள் நாலு பள்ளிக்கு நடக்கிறவர், நாலு போனைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். இரவல் இன்ஸ்டாக்ஸ் ஒன்று, பையில் ஒரு போன். வீட்டிலேயே இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் வீட்டுப் போன் வழி. எந்தப் பிள்ளை எதில் எடுத்தது, எப்படி எடுத்தது என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள், அந்தந்தப் பள்ளி ஆசிரியருக்கு அந்த நோட்டு ரொம்ப உதவும்.

நாளையும் பார்த்து வையுங்கள். அக்டோபரிலிருந்து மழை, எந்த நாள் பள்ளி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு வந்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் தொடங்கி காலாண்டுத் தேர்வுக்கு முன் முடிக்கலாம். விட்டுவிட்டால் பொங்கல் கழிந்து ஆறு வாரம் கிடைக்கும், வெளிச்சமும் அப்போதுதான் நன்றாக இருக்கும். ஏப்ரலில் பள்ளி மூடுவதற்குள் பிரிண்ட்டுகளை அந்தந்தப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, போன்களில் இருப்பதை அவர்கள் முன்னாலேயே அழித்துவிடுங்கள்.